துரு பின்னோக்கி ஓடாது

யூடியூபில் ஒரு வகை வீடியோ இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். புதருக்குள் ஒரு பழைய கார் கிடக்கும். நாலு டயரும் மண்ணில் புதைந்திருக்கும், சீட்டுக்குள் எலி கூடு கட்டியிருக்கும். ஒரு ஆள் அதைச் சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டு கராஜில் நிறுத்துவார். அப்புறம் காட்சி வேகமெடுக்கும். துரு உதிரும், தகடு மின்னும், சிவப்பு பெயிண்ட் ஏறும். இருபதாவது நிமிடத்தில் வண்டி ஷோரூமில் இருந்து அப்போதுதான் இறங்கியது மாதிரி நிற்கும். வேலை முடிந்து லேப்டாப்பை மூடிய பிறகு, ராத்திரி பதினொரு மணிக்கு, நான் இவற்றை நிறையப் பார்த்திருக்கிறேன். மனசு அடங்கிவிடும். தூக்கம் வரும்.

இதே காட்சி 1983இல் ஒரு திகில் படத்தின் உச்சம்.

ஜான் கார்பென்டர் இயக்கிய ‘கிறிஸ்டீன்’ படத்தைச் சொல்கிறேன். ஆர்னி கன்னிங்ஹாம் என்ற பள்ளி மாணவன், யாரும் மதிக்காத பையன், ஒரு ஓட்டை 1958 பிளைமவுத் ஃபியூரியை வாங்கிப் பழுதுபார்க்கிறான். அவனுக்கு ஆகாத ஒரு கும்பல் வண்டியைச் சுத்தியலால் அடித்து நொறுக்கிவிடுகிறது. நசுங்கிக் கிடக்கும் வண்டியின் முன்னால் ஆர்னி தனியாக நிற்கிறான். செய்து காட்டு என்று அதனிடம் சொல்கிறான். முகப்பு விளக்கு எரிகிறது. ஒடுங்கிய தகடு நிமிர்கிறது, கிரில் நேராகிறது, வண்டி தன்னைத்தானே புதிதாக்கிக்கொள்கிறது. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் வராத காலம். வண்டிக்குள் ஹைட்ராலிக் கருவிகளை வைத்து உடலை உள்பக்கமாக இழுத்து நசுக்கினார்கள், அதைப் படம் பிடித்து ஃபிலிமைப் பின்னோக்கி ஓட்டினார்கள். அவ்வளவுதான் தந்திரம். ஒரு வண்டி சாவதைப் பின்னாலிருந்து முன்னால் காட்டினால் அது பிழைப்பது போலத் தெரியும்.

நாற்பது வருடத்துக்கு முன் பேய்க்கு மட்டுமே சாத்தியம் என்று காட்டப்பட்ட ஒன்று, இன்றைக்கு நமக்குத் தாலாட்டு ஆகியிருக்கிறது. இரண்டிலும் ஒரே பொருள்தான் விற்கப்படுகிறது: உழைப்பு கழிக்கப்பட்ட மீட்பு. கார்பென்டர் அதைப் பார்த்துப் பயப்படச் சொன்னார். நாம் அதைப் பார்த்துத் தூங்கப் போகிறோம். வீட்டு கராஜில் பழைய காரைப் புதுப்பிப்பது பற்றிய கதைகளை எப்படி மதிப்பிடுவது என்று யோசிக்கும்போது எனக்கு இந்த இடம்தான் தொடக்கமாகத் தெரிகிறது.

படத்தைவிட ஸ்டீபன் கிங்கின் நாவல் ஒரு விஷயத்தில் கூர்மையானது. அதுவும் 1983இல் வந்ததுதான். கதையின் பெரும்பகுதியைச் சொல்பவன் ஆர்னியின் நண்பன் டென்னிஸ். ஆர்னி வண்டியை வாங்கிய சில வாரங்களில் டென்னிஸுக்குச் சந்தேகம் வருகிறது. ரத்தம், பிசாசு, அலறல் எதையும் பார்த்து வந்த சந்தேகம் இல்லை. வண்டியில் நடந்திருக்கும் வேலைக்கு வரிசையே இல்லை என்பதுதான் அவனை உறுத்துகிறது. உயிர் போகிற பெரிய பழுது அப்படியே இருக்கிறது. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எவரும் தள்ளிப்போடும் சில்லறைச் சாமான் புதிதாகப் பளபளக்கிறது. அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம். கையில் ஸ்பேனர் பிடித்த யாரும் இப்படி வேலை செய்யமாட்டார்கள்.

என்னைக் கேட்டால் நாவலின் மிகப் பயங்கரமான பக்கங்கள் இவைதான். பின்னால் வரும் கொலைகளை எல்லாம் வேறு எந்தத் திகில் எழுத்தாளரும் எழுதிவிடலாம். வேலையின் வரிசை குலைந்திருப்பதில் அமானுஷ்யத்தைக் கண்டுபிடிக்க, வேலை என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். இத்தனைக்கும் கிங் கார் விவரங்களில் கறாரானவர் இல்லை. அவருடைய ஃபியூரிக்கு நாலு கதவு இருக்கிறது. நிஜத்தில் 1958 ஃபியூரி இரண்டு கதவோடு மட்டுமே வந்தது. பாகத்தைத் தவறாக எழுதியவர் வேலையைச் சரியாக எழுதியிருக்கிறார். மாற்றி நடந்திருந்தால் நாவல் அப்போதே செத்திருக்கும்.

வரிசை ஏன் இவ்வளவு முக்கியம் என்பது எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை. மிச்சிகனில் புரிந்தது.

ஆன்சைட் வேலைக்காக டெட்ராய்ட் புறநகர் ஒன்றில் இருந்தபோது, எங்கள் டீமில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் இருந்தார். பெரியவர் என்றே சொல்கிறேன். வீட்டை ஒட்டிய கராஜில் ஒரு 1966 ஃபோர்ட் மஸ்டாங்கைப் பிரித்துப் போட்டிருந்தார். நம்மூரில் டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் ரோட்டோரப் பட்டறையில் நடக்கிற சங்கதி. காசு கொடுத்துவிட்டு வந்தால் நாலு நாளில் வண்டி கிடைக்கும். வீட்டுக்குள்ளேயே, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், முழு காரையும் கழற்றி வைத்திருப்பது எனக்குப் புதிது. சனிக்கிழமைகளில் போய் வேடிக்கை பார்ப்பேன். பார்க்கிறவன் சும்மா நிற்கக் கூடாது என்று விளக்கைப் பிடிக்கச் சொல்வார்.

அந்த வண்டியின் தரை ஓட்டையாக இருந்தது. கால் வைக்கிற இடத்தில் கராஜ் சிமெண்ட் தெரிந்தது. மிச்சிகனில் பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்பு கொட்டுவார்கள், டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே பெரிய உப்புச் சுரங்கம் உண்டு. அதனால் உப்புதான் காரணம் என்று நினைத்தேன். புதுத் தரைத் தகடு அட்டைப்பெட்டியில் வந்து சுவரோரம் சாய்ந்திருந்தது. வெட்டி எடுத்துவிட்டுப் புதிதை வெல்ட் பண்ண வேண்டியதுதானே? பெரியவர் தொடவே இல்லை. வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் இடத்தில், காற்று உள்ளே போவதற்காக வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கும். அதில் ஊற்றினார். ரெண்டு நொடியில் டாஷ்போர்டுக்கு அடியில் தண்ணீர் கொட்டியது.

“கீழ போற துருவுக்குக் காரணம் கீழ இல்ல. இத விட்டுட்டுத் தரையப் போட்டா, ரெண்டு மழைக்காலம் கழிச்சு மறுபடியும் தரை போடணும்” என்றார்.

1965, 1966 மஸ்டாங்குகளுக்கு இது பேர்போன நோய். கண்ணாடிக்குக் கீழே இரண்டு தகடுகளைச் சேர்த்துச் செய்த பெட்டி போன்ற பகுதி ஒன்று உண்டு. அதற்குள் மழைத்தண்ணீரும் இலைக்குப்பையும் சேர்ந்து, வெளியே தெரியாமலேயே உளுத்துப்போகும். அதைச் சரிசெய்ய பானெட்டைக் கழற்ற வேண்டும், ஃபெண்டர்களைக் கழற்ற வேண்டும், மேல் தகட்டைப் பிடித்திருக்கும் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாக டிரில் போட்டு எடுக்க வேண்டும். பல சனிக்கிழமைகள் அதிலேயே போயின. அப்புறமும் நேரே தரைக்குப் போகவில்லை. தரையை வெட்டினால் உடல் தொய்ந்து கதவு மூடாமல் போகும் என்று கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்ட் அடித்தார். அதன்பிறகுதான் வெட்டினார். பெயிண்ட் பற்றி நான் அங்கே இருந்தவரை பேச்சே எழவில்லை. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் சின்ன பிளாஸ்டிக் பையில், எங்கே இருந்தது, என்றைக்குக் கழற்றியது என்ற குறிப்போடு, அலமாரியில் இருந்தது.

டென்னிஸின் பயம் அந்த கராஜில் எனக்கு முழுசாகப் புரிந்தது. வரிசை என்பது காரணங்களின் வரிசை. எதனால் எது கெட்டது என்று தேடிக்கொண்டு பின்னால் போகிறோம், பிறகு அதே வழியில் முன்னால் திரும்பி வருகிறோம். வரிசை இல்லாமல் ஒரு வண்டி சரியாகிறது என்றால், அது கெட்டதற்கான காரணம் யாராலும் தொடப்படவில்லை என்று அர்த்தம். கிங்கின் நாவலில் நடப்பதும் இதுவே. வண்டியை முதலில் வைத்திருந்த ரோலண்ட் லெபேயின் வன்மம் அப்படியே உள்ளே இருக்கிறது, மேலே மட்டும் பளபளப்பு ஏறுகிறது. ஓடோமீட்டர் பின்னோக்கி ஓடுகிறது. வண்டி இளமையாக ஆக, பையன் கிழவனாகிறான். லெபேயைப் போலவே முதுகுக்குப் பட்டை கட்டுகிறான், லெபேயின் வசவு அவன் வாயில் வருகிறது. உழைப்பாகக் கொடுக்காத விலையை ஆளாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் கிங் கவனித்திருக்கிறார். ஆர்னியின் பெற்றோர் அந்த வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தக்கூட விடுவதில்லை. அவன் டார்னெல் என்பவரின் வாடகை கராஜுக்குப் போகிறான். வீட்டு கராஜில் நடந்திருந்தால் அம்மா எட்டிப் பார்த்திருப்பார், அப்பா டார்ச் பிடித்திருப்பார், திட்டியாவது இருப்பார்கள். வேலையை யாரோ பார்த்துக்கொண்டிருக்கும்போது மாயத்துக்கு இடம் குறைவு. வீடு அவனுக்குக் கதவைச் சாத்திய பிறகுதான் வண்டி திறக்கிறது. திகில் நாவல் என்று ஒதுக்கிவிடுபவர்கள் தவறவிடும் குடும்ப நாவல் ஒன்று அதற்குள் இருக்கிறது.

சரி, புதுப்பிப்பது ஒரு பக்கம். மாற்றுவது? இந்த உலகத்தில் இதுதான் பெரிய பங்காளிச் சண்டை. ஒரு கட்சி, தொழிற்சாலையில் எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்கிறது, ஸ்க்ரூவின் தலை உட்பட. இன்னொரு கட்சி, பழைய உடலுக்குள் புது எஞ்சின், புது கியர்பாக்ஸ், ஏசி எல்லாம் வைக்கிறது. இலக்கியவாதியின் அனுதாபம் இயல்பாக முதல் கட்சிக்குப் போகும். பழமை, நம்பகம், ஞாபகம் என்றெல்லாம் நம்மிடம் சொற்கள் தயாராக இருக்கின்றன.

ஆனால் 1966 மஸ்டாங்கின் பிரேக்கைப் பாருங்கள். நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே அறை. எங்கேயாவது ஒரு குழாய் கசிந்தால் பெடல் தரைக்குப் போய்விடும், நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. 1967 மாடலில் இருந்து இரண்டு தனித்தனி அறைகள் வந்தன. ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். பெரியவர் கொஞ்சமும் யோசிக்காமல் இரட்டை அறை சிலிண்டருக்கு மாறினார். முன்சக்கரத்தில் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போட்டார். இடுப்போடு நிற்கும் பழைய சீட் பெல்ட்டுக்குப் பதில் தோளையும் பிடிக்கும் பெல்ட் போட்டார். ஒரிஜினல் போச்சே என்றேன். “என் பேத்திய இதுல உக்கார வைக்கணும்” என்றார். விவாதம் முடிந்தது.

புதுப்பிப்பவர் ஒரு தேதிக்கு விசுவாசமாக இருக்கிறார். மாற்றுபவர் அதில் உட்காரப்போகும் ஆளுக்கு விசுவாசமாக இருக்கிறார். இரண்டும் விசுவாசம்தான். முதலாவதை மட்டும் அப்படி அழைத்து, இரண்டாவதைத் துரோகம் என்பது நியாயமில்லை.

ஒரிஜினல் என்ற சொல்லே எவ்வளவு வழுக்கும் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்று பெயர்பெற்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார், 1929இலும் 1930இலும் லே மான் பந்தயத்தை வென்றது. பந்தய வண்டி என்பதால் ஒவ்வொரு சீசனிலும் எதையாவது கழற்றி மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பிறகு விபத்து, வேறு எஞ்சின், வேறு உடல். 1990இல் ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசப்பட்டு, வாங்கியவர்கள் இது நிஜ வண்டியே இல்லை என்று பின்வாங்க, விவகாரம் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1929 வண்டியில் இருந்து மிஞ்சியது மிகக் கொஞ்சம் என்பதை நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆனாலும் இதுதான் ஓல்ட் நம்பர் ஒன் என்றார். காரணம், வண்டியின் வரலாறு எங்கேயும் அறுபடவில்லை. ஒரு நாளும் அது இல்லாமல் போய், பிறகு யாரோ புதிதாக உண்டாக்கியது இல்லை. தகட்டைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு இல்லை, வரிசையைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. பெரியவரின் அலமாரியில் இருந்த பிளாஸ்டிக் பைகள் என் கண்ணுக்கு அப்படி ஒரு வழக்கின் சாட்சிகள் மாதிரிதான் தெரிந்தன.

இந்தப் பின்னணியில் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் ‘கிரான் டொரினோ’ (2008) எனக்கு முன்பு போல் முழுசாக ஒப்பவில்லை. கதை நடப்பது டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலேண்ட் பார்க்கில். ஃபோர்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வால்ட், கொரியப் போரில் சண்டையிட்டவர், பக்கத்து வீட்டு மோங் இனக் குடும்பத்தை வெறுக்கும் கிழவர். கராஜில் ஒரு 1972 கிரான் டொரினோ. அதன் ஸ்டியரிங் தண்டைத் தொழிற்சாலையில் தன் கையாலேயே பொருத்தியவர். பக்கத்து வீட்டுப் பையன் தாவோ அதைத் திருட வந்து மாட்டிக்கொள்கிறான். தண்டனை வேலையாகிறது, வேலை உறவாகிறது.

படத்தின் அருமையான காட்சி கராஜில்தான். சுவர் முழுக்கத் தொங்கும் கருவிகளைப் பார்த்துத் தாவோ திகைத்து நிற்பான். இதையெல்லாம் எப்படி வாங்க முடியும்? ஒரே நாளில் சேர்ந்ததில்லை, அரை நூற்றாண்டாகச் சேர்த்தது என்பது வால்டின் பதில். பிறகு துருநீக்கி எண்ணெய், பூட்டுக் குறடு, டேப் என்று மூன்றை எடுத்துக் கொடுத்து, வீட்டு வேலையில் பாதியை இவற்றை வைத்தே முடித்துவிடலாம் என்பார். அன்பு என்ற சொல்லே வராமல் அன்பைக் காட்டுகிற காட்சி. எத்தனை தடவை பார்த்தாலும் பிடிக்கிறது.

என் குறை அந்தக் காரைப் பற்றியது. படம் நெடுக அது கழுவப்படுகிறது, துடைக்கப்படுகிறது, ரசிக்கப்படுகிறது. வால்டும் தாவோவும் பானெட்டைத் திறந்து சேர்ந்து குனிந்து நிற்கும் ஒரு காட்சி என் நினைவில் நிற்கவில்லை. தாவோ அக்கம்பக்கத்து வீடுகளைச் சரிசெய்கிறான், காரைச் சரிசெய்வதில்லை. கடைசியில் உயில் வாசிக்கப்படுகிறது. வண்டி தாவோவுக்கு. ஆனால் நிபந்தனை உண்டு: கூரையை வெட்டித் தாழ்த்தக் கூடாது, பக்கவாட்டில் தீ ஜுவாலை வரையக் கூடாது, பின்னால் பெரிய ஸ்பாய்லர் வைக்கக் கூடாது. தியேட்டரே சிரிக்கும் இடம். ஒவ்வொரு நிபந்தனையோடும் ஒவ்வொரு சமூகத்தை இடித்துரைக்கும் வசவும் வரும். கிழவர் சாகும்வரை மாறவில்லை என்று நாம் பாசத்தோடு சிரிக்கிறோம்.

சிரித்து முடித்த பிறகு யோசித்தால் கொஞ்சம் கசக்கிறது. பையனுக்குக் கருவி கொடுத்தாயிற்று, கை வேலை கற்றுக்கொடுத்தாயிற்று, வண்டியும் கொடுத்தாயிற்று. அந்த வண்டியில் அந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்பதை மட்டும் செத்த பிறகும் கிழவரே முடிவுசெய்கிறார். ஈஸ்ட்வுட்டின் அமெரிக்கா வந்தேறிக்குச் சாவியைத் தருகிறது, ஸ்பேனரைத் தரத் தயங்குகிறது. இதற்கு ஒரு மறுப்பு உண்டு என்பதும் தெரியும். வால்ட் தடுப்பது ஆடம்பரத்தைத்தான், பிரேக்கை மாற்றாதே என்று சொல்லவில்லையே? உண்மைதான். ஆனால் கூரையைத் தாழ்த்துவதும் தீ வரைவதும் அமெரிக்கத் தெருக்களில் சும்மா முளைத்த கூத்து இல்லை. கையில் காசு இல்லாத பையன்கள், முந்தைய தலைமுறை ஓட்டித் தேய்த்த வண்டியைத் தங்களுடையதாக்கிக்கொண்ட கலை அது. வால்டுக்கு அது பிடிக்காமல் போகலாம், அது அவர் குணம். படமும் அவரோடு சேர்ந்துகொண்டு, கடைசிக் காட்சியில் மாசில்லாத அந்த வண்டியை ஏரிக்கரைச் சாலையில் அழகாக ஓடவிடுகிறது. அங்கே எனக்கு ஒட்டவில்லை. அடுத்த வாரம் தாவோ என்ன செய்வான் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

பெரியவரிடம் இந்தப் படத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். அவருக்கு ரொம்பப் பிடித்த படம். உயில் காட்சியை மட்டும் நினைத்துச் சிரித்தார். “நான் எழுதினா ஒரே வரிதான். என்ன மாத்துனாலும், கழட்டினத ஒரு பையில போட்டு வை. அவ்வளவுதான்.”

இந்த ஒரு வரியில் இருப்பது இரண்டு படங்களிலும் இல்லை. ‘கிறிஸ்டீன்’ காலத்தைத் திருப்பி ஓட்டும் ஆசை. ‘கிரான் டொரினோ’ காலத்தை நிறுத்திவைக்கும் ஆசை. கராஜில் நிஜமாக வேலை செய்பவருக்கு இரண்டுமே வாய்ப்பதில்லை. துரு போன தகடு போனதுதான், அது திரும்பி வராது. வெட்டி எடுத்த இடத்தில் வைப்பது புதுத் தகடு. வெல்டிங் தடத்தைத் தேய்த்து மறைக்கலாம், அடியில் குனிந்து பார்த்தால் தெரியும். ஃபோர்டின் உரிமத்தோடு முழு மஸ்டாங் உடலையே இப்போது புதிதாகச் செய்து விற்கிறார்கள், வாங்கி மாட்டினால் கவலையே இல்லை. பெரியவருக்கும் அது தெரியும். ஆனாலும் உளுத்ததை வெட்டி, நல்லதை விட்டுவைத்து, எங்கே புதிது தொடங்குகிறது என்பதைக் குறித்துவைத்தார்.

நம் தலைமுறைக்கு, குறிப்பாக என் தொழிலில் இருப்பவர்களுக்கு, இது அந்நியமான விஷயம் இல்லை. யாரோ பதினைந்து வருடத்துக்கு முன் எழுதிவிட்டுப் போன கோட் நம் கையில் வருகிறது. முழுசாகத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று எல்லோருக்கும் கை பரபரக்கும். இல்லையென்றால், எவனும் தொடாதே, ஓடுகிறவரை ஓடட்டும் என்று ஒரு சீனியர் உயில் எழுதியிருப்பார். நடுவில் இருக்கிற வழி அலுப்பானது. எது எதனால் கெட்டது என்று தேடி, ஒன்றை மாற்றி, மாற்றியதற்குக் காரணம் எழுதி, அடுத்ததற்குப் போக வேண்டும். அதை யாரும் வீடியோ எடுக்கமாட்டார்கள். எடுத்தாலும் இருபது நிமிடத்தில் அடங்காது.

வண்டி சரியாகும்போது ஆளும் சரியாகிறான் என்பது இந்த வகைக் கதைகளின் தேய்ந்துபோன வாய்ப்பாடு. அப்பா மகன் பிணக்கா, ஒரு பழைய காரைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்து, பெயிண்ட் காய்வதற்குள் சமாதானம். இனி இப்படி ஒரு நாவலோ படமோ கையில் வந்தால் நான் ஒரே ஒரு கேள்விதான் வைத்திருக்கிறேன்: தரையைப் பிரிப்பதற்கு முன்னால் இவர்கள் மேலே தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்களா?